கடுகு பொரியும் சத்தம்

அக்கா,

வீடு மாறப் போகிறேன். மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது ஒரு கம்ப்யூட்டர் சிப் கிடைத்தது. பாதிச் சுண்டுவிரல் நீளம், இரு பக்கமும் பூரான் கால்கள், நடுவில் சின்னக் கண்ணாடிச் சன்னல். வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்று சன்னலை மூடி ஒட்டிய வெள்ளைத் தாளில், கோணலாக ‘4’ என்று உங்கள் இடது கை எழுத்து. பெட்டி கட்டும் வேலை அதோடு நின்றுவிட்டது. இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழ மனம் வருவதில்லை. உட்கார்ந்தபடியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கெலுகோர் அடுக்குமாடியில் உங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவு எங்களுடையது. உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்போதே அதற்குப் பத்து வயது. முன்பு வைத்திருந்தவர், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்ன டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியது ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆனால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குள் பழைய எண்களே இருந்தன. கூடுதலாக வரும் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று அதற்குத் தெரியவில்லை. கார் விக்கியது, கறுப்பாகப் புகைந்தது. பட்டறைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சிப் சோதிக்கும் வேலை எனக்கு என்பதால் அண்ணன் எங்கள் கதவைத் தட்டினார்.

வேலை பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இன்ஜின் எந்த வேகத்தில் சுழலும்போது எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று கட்டம் கட்டமாக எண்கள். அவற்றை மாற்றி, புதுச் சிப்பில் பதிந்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்ற வேண்டும். நூற்றுக்கணக்கான எண்கள். வக்கீல் ஆபிஸில் டைப்பிஸ்டாக இருந்த நீங்கள் எங்கள் கூடத்தில் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நான் படிக்கிறேன், நீ அடி” என்றீர்கள். நீங்கள் படித்ததில் ஒரு எண்கூடப் பிசகியதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போதும் வந்தீர்கள். அந்தக் காரின் பின்னிருக்கை பெரியவர்களுக்கானது அல்ல. “அவரும் நீயும் தனியா போனா ப்ளாட்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க லா” என்று சொல்லிவிட்டு, கோப்பி பிளாஸ்க்கோடு உள்ளே நுழைந்து, காலை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தீர்கள். அண்ணன் ஓட்டுவார். நான் முன்னால் மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் செபராங் ஜெயா வரை போய்த் திரும்புவோம். மூன்றாவது சிப்புக்குப் புகை நின்றது. விக்கலும் நின்றது. அதோடு விட்டிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தொடர்ந்து பன்னிரண்டாவது நாள் வேலை. வீட்டில் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். மறுநாள் அண்ணனின் கூட்டாளிகள் எல்லாரும் தங்கள் கார்களில் பாலிக் புலாவ் மலைப்பாதையில் போவதாக ஏற்பாடு.

“இன்னும் கொஞ்சம் இழுவை வேணும், தங்கச்சி. டைமிங்க ரெண்டு டிகிரி கூட்டிக் குடேன்” என்றார் அண்ணன்.

கூட்டினால் பொறி முந்தும், மேட்டில் சூடேறும் என்று எனக்குத் தெரியும். வாதாடத் தெம்பில்லை. அந்த மூன்றாவது சிப்பையே அழித்து மாற்றிப் பதிந்து கொடுத்தேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபோது பின்னாலிருந்து நீங்கள் சொன்னீர்கள்.

“என்னமோ சத்தம். எண்ணெயில கடுகு பொரியற மாதிரி.”

“கீழ தகரம் லூசா இருக்கு லா” என்றார் அண்ணன்.

எனக்கும் கேட்டது, அக்கா. அது தகரம் இல்லை, பொறி முந்தி இன்ஜின் அடிபடும் சத்தம் என்றும் தெரியும். சொன்னால் கூடத்துக்குத் திரும்ப வேண்டும், எண்களைக் குறைக்க வேண்டும், மறுபடி பதிய வேண்டும், மறுபடி பாலம் தாண்ட வேண்டும். எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. நோட்டில் ‘சரி’ என்று எழுதினேன்.

ஞாயிறு காலை நான் தூங்கிக்கொண்டிருந்தபோது மலையேற்றத்தில் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. வளைவில் இன்ஜின் செத்தது, ஸ்டியரிங் கனத்துப் போனது. கார் சாலையோரக் கால்வாயில் இறங்கியது. அண்ணனுக்குச் சிராய்ப்பு. முன்னிருக்கையில் இருந்த உங்களுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கோப்பி வாங்கப் போன நேரத்தில் சொன்னேன். “அக்கா, அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு.”

நீங்கள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி சொன்னீர்கள். “தெரியும். நான் சொன்னதும் உன் பேனா நின்னுச்சு. பின்னால இருந்து பாத்தேன்.”

நான் அழுதேன். நீங்கள் தேற்றவில்லை. “நான் இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம். கால் மரத்துப் போச்சு, வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு” என்றீர்கள். பிறகு, “அவருகிட்ட சொல்லாத. உன்ன மூஞ்சி குடுத்துப் பாக்க மாட்டாரு. எதிர்வீடு, தினமும் பாத்தாகணும்” என்றீர்கள்.

மணிக்கட்டு கூடியது. ஆனால் பழைய வேகம் வரவில்லை. ஆபிஸில் உங்களைக் கோப்பு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். நீங்கள் அதைப் பற்றிப் பேசியது எனக்கு நினைவில்லை. இன்ஜின் பழுது பார்த்து வந்ததும், கைக்கட்டு அவிழ்க்கும் முன்பே, மறுபடி எங்கள் கூடத்துக்கு வந்தீர்கள். “எண்ணு படிக்கக் கை வேணாம்” என்றீர்கள். டைமிங்கை இறக்கி, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி நாலாவது சிப் செய்தோம். அதற்குத்தான் இடது கையால் எண் போட்டீர்கள். கார் மந்தமாக, சமர்த்தாக ஓடியது. அண்ணன் அதை ஒரு தடவைகூட முழுதாக மிதிக்கவில்லை. அடுத்த வருஷம் விற்றார். சிப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய சிப்போடும் பழைய சின்ன டர்போவோடும் காரைக் கொடுத்தார்.

போன வருஷம் நீங்கள் போனீர்கள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு ஒரு நாள் அண்ணனைப் பார்க்கப் போனேன். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தானாகவே, “அவ கையக் கெடுத்தது நான்தான். நான்தானே ரெண்டு டிகிரி கேட்டேன்” என்றார்.

உங்கள் சொல்லை மீறினேன், அக்கா. இத்தனை வருஷம் அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொள்ள முடியவில்லை.

“அண்ணே, அக்கா சொன்ன சத்தம் அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சு. என்ன சத்தம்னும் தெரியும். அலுப்புல பேசாம இருந்துட்டேன்.”

என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்றீர்கள். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எனக்கும் கேட்டுச்சு, தங்கச்சி. தகரம் இல்லன்னு தெரியும். கூட்டாளிங்ககிட்ட வரேன்னு சொல்லிட்டேன்.”

காற்றாடி சுற்றியது. ஒரு சின்னக் காருக்குள் மூன்று பேர் உட்கார்ந்து, மூவரும் ஒரே சத்தத்தைக் கேட்டு, நீங்கள் ஒருவர் மட்டும் வாய் திறந்திருக்கிறீர்கள். இன்னொரு தடவை சொல்லாததை இறுதிவரை உங்கள் குறையாகவே வைத்துக்கொண்டு போனீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சோறாக்கித் தருகிறேன், அவர் பாத்திரம் கழுவுகிறார். அவர் மாத்திரை போட்டாரா என்று கேட்பேன். “போட்டாச்சு” என்பார். குரலில் ஏதாவது சரியில்லை என்று பட்டால் இன்னொரு தடவை கேட்கிறேன். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கேட்கிறேன், அக்கா.