மேனேஜர் சீறிய படம்

ஆடி 12, ஞாயிறு

இன்று வனவிலங்கு மையத்தில் மேனேஜரைப் பார்த்தேன். ராயகிரியில் கரும்பு வெட்டும்போது கிடைத்த குட்டி. வீட்டுப் பூனை என்று நினைத்துத் தூக்கி வந்தேன். முறைத்தே வேலை வாங்கியதால் அந்தப் பெயர். என் கணக்கு நோட்டின் மேல்தான் தூங்கும். வீட்டுப்பாடம் செய்யாத அந்த நாட்கள் எவ்வளவு இனிமை! பக்கத்து வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தபிறகே அது காட்டுப்பூனை என்று தெரிந்து அந்த மையத்தில் ஒப்படைத்தோம்.

நானும் காதரும் பள்ளிக் கண்காட்சிக்காக அங்கே படமெடுக்கப் போயிருந்தோம். காப்பாளர் அண்ணாச்சி முதலிலேயே சொன்னார்: "மனுசனக் கண்டு பயந்தாத்தான் காட்டுல விடுவோம். ஒட்டிக்கிட்டு வந்தா கூண்டுதான்."

அவர் தண்ணீர் பிடிக்கப் போனார். மேனேஜர் ஓடி வந்து கம்பியில் கன்னத்தைத் தேய்த்தது. பழையபடி என் விரலை நக்கியது. அவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், கம்பியில் ஓங்கி அடித்துக் கத்தினேன். அது பின்வாங்கிப் பல்லெல்லாம் தெரியச் சீறியது. காதர் படமெடுத்துவிட்டான்.

"சூப்பர்லே! இத இந்த வாரமே விட்டுருவோம்," என்றார் அண்ணாச்சி.

பஸ்ஸில் காதர் சொன்னான்: "ஏலே, நீ செஞ்சதுலயே இதுதாம்லே பெரிய ஃப்ராடு."

சிரித்தேன். ஆனால் காட்டில் விட்டபிறகு அது ஏதோ ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போகும். கம்போடு நிற்கிறவனிடமும் கன்னத்தைத் தேய்க்கப் போகும்.

காலையில் அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். கூண்டிலேயே இருந்தாலும் இருக்கட்டும். என் சேட்டையை நானே காட்டிக்கொடுப்பது இதுதான் முதல் தடவை.