பாலத்தடிச் சிவப்புப் புள்ளிகள்

மச்சான்,

இன்று காலை மழை விட்டதும் வெள்ளவத்தைக் கால்வாயின் வாடை வீட்டுக்குள் வந்தது. சேறும் சவர்க்காரமும் கலந்த அதே வாடை. நான் சன்னலைச் சாத்தப் போனேன். நீ இருந்திருந்தால் தலையை வெளியே நீட்டியிருப்பாய்.

நீ இறையியல் விரிவுரையாளன். நான் ஆய்வுகூடத்தில் தண்ணீர் பரிசோதிப்பவன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். விசுவாசத்தையும் சுற்றுச்சூழலையும் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றாய். நூலகத்துக்குப் போவாய் என்று பார்த்தால், கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, வெறும் போத்தல்களோடு என் வாசலில் வந்து நின்றாய்.

"கோயில்ல மந்திரிச்ச தண்ணியும் கடைசியில ஏதோ ஒரு கால்வாயிலதானே விழுது. அங்க அது தீர்த்தமோ, அழுக்கோ?"

"அதுக்கு எங்களிட்ட டெஸ்ட் இல்ல மச்சான்" என்றேன்.

சனிக்கிழமைகளில் பாமன்கடையிலிருந்து கடல்வரை நடந்தோம். உடுப்புத் தோய்ப்பவர்கள், தூண்டில் போடுபவர்கள், ஒருவரையும் நீ விட்டுவைக்கவில்லை. மழைக்கு முன்னம் தண்ணீர் என்ன நிறம், மீன் எப்போது செத்தது என்று உன் அரைகுறைச் சிங்களத்தில் கேட்பாய். எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளும்.

அது யுத்தகாலம். ஒரு சனிக்கிழமை சோதனைச் சாவடியில் உன் பையைத் திறந்தார்கள். ஆறு போத்தல், ஒரு தாள். தாளில் கால்வாய் முழுவதையும் படமாகக் கீறி, ஒவ்வொரு பாலத்தடியிலும் சிவப்புப் புள்ளி. தண்ணீர் எடுத்த இடங்கள் அவை. பாலங்களைக் குறித்த படத்தோடு இரண்டு தமிழர் நடந்து வந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. படித்த முட்டாள்கள்.

யார் கீறியது என்று பொலிஸ்காரர் கேட்டார். கீறியவன் நான். வாய் திறக்கவில்லை.

"நான்தான். இவர் சும்மா துணைக்கு வந்தவர்" என்று நீ சிங்களத்தில் சொன்னாய்.

என் அடையாள அட்டை திரும்பக் கைக்கு வந்தது. உன்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் உன் பேராசிரியர் கடிதத்தோடு போய் உன்னை வெளியில் எடுத்தார். கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் நீ சொன்னது இதுதான்:

"உள்ள நிண்ட பொலிஸ்காரன் ஒருத்தனுக்கு ஊர் கொலன்னாவையாம். வீட்டுக் கிணத்துத் தண்ணி மஞ்சளாப் படியுதாம். ஒரு போத்தல்ல கொண்டரச் சொல்லியிருக்கிறன். பாத்துத் தருவியா?"

"ஓம்" என்றேன். எனக்கு அழுகை வந்தது.

பார்த்துக் கொடுத்தேன்; இரும்பு அதிகம். உன் கட்டுரையும் வெளிவந்தது. கால்வாயின் முன் நின்று 'இது என் அழுக்கு' என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை, செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் அங்கேயல்லவா தொடங்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். என்னை நினைத்து எழுதினாயா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எல்லாரையும் கேள்வியால் குடைந்தவன் நீ. அன்று ஏன் பேசாமல் நின்றாய் என்று மட்டும் சாகும்வரை என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயம் என்று ஒரு சொல்லில் தப்பியிருப்பேன். கேட்காமலே போய்விட்டாய், நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.