நீல மையில் வந்த மழைச் செய்தி

அண்ணே,

போன வாரம் கீழக்கரையில் காசிம் பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். ராஸ் அல் கைமா லேபர் கேம்பில் என் பக்கத்து அறையில் இருந்தாரே, அவரேதான். நீங்கள் காலமான செய்தியை அவர்தான் சொன்னார். பிறகு பீரோவிலிருந்து உங்கள் கையெழுத்துப் பத்திரிகைக் கட்டை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது அதுவும் என் பெட்டியிலிருந்த தாளும் மேசைமேல் கிடக்கின்றன. ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே கையெழுத்து. கடைசிப் பத்தி மட்டும் வேறு. எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளில் அந்த அரபு நாட்டு மலையடிவாரத்துக்குத் தமிழ்ப் பேப்பர் எங்கே வந்தது? சிமெண்ட் ஆலை, தூசி, கல் உடைக்கும் சத்தம், அவ்வளவுதான். டைம் கீப்பராக வந்த நீங்கள் தனியாளாகப் பத்திரிகை தொடங்கினீர்கள். வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் அறை அறையாக வருவீர்கள். "கடுதாசி வந்துச்சாப்பா? படிச்சுட்டுக் குடு, சேதிய எடுத்துக்கிட்டுத் தர்றேன்." யார் ஊரில் தேர், யாருக்குக் குழந்தை, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி, டவுனில் ஜெராக்ஸ் போட்டு, மறுநாள் அறைக்கு ஒரு தாள். நாங்கள் ஊருக்கு எழுதும் கடிதங்களையும் அப்படியே தபாலில் போட்டுவிடுவீர்கள்.

"வந்த சேதிய அமுக்குறவன் பத்திரிகைக்காரனே இல்ல" என்பீர்கள். ஒருவரின் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதைக்கூட விடாமல் போட்டதால், அவர் உங்களை அடிக்கவே வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் அறைத் தாளை என் கையில் கொடுத்தீர்கள். ஜெராக்ஸ் இல்லை, நீல மை. "காப்பி கொறஞ்சு போச்சு. ஒரிஜினலே ஒனக்குத்தான், வச்சுக்க." எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் பத்தியில் என் ஊர்: நல்ல மழை, கண்மாய் நிரம்பியது. "எங்க ஊர்ல மழைடா!" என்று கத்தினேன். அறையில் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அன்றே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், இந்த வருஷம் எல்லா வயலிலும் நெல் போடுங்கள் என்று.

காசிம் பாயின் தாளில் அதே இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. காலமானார், மகன் நம் ஆலையில் வேலை செய்கிறார் என்று.

"பக்கத்து ஊர்க்காரருக்கு வந்த கடுதாசில இருந்துச்சு தம்பி" என்றார் பாய். "ஒங்க லீவுக்கு எட்டு மாசம் கெடந்துச்சு, பாஸ்போர்ட்டு மொதலாளி கஃபீல்கிட்ட. தெரிஞ்சா பாவம் நீங்க என்ன செய்வீங்கன்னு, எங்க எல்லாரு வாயையும் அண்ணன் கட்டிட்டாரு."

என் தம்பியும் 'அப்பா சுகம்' என்றே எழுதிக்கொண்டிருந்தான். லீவில் போய், மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை என்றும் அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் போட்ட ஒரே தப்புச் செய்தி என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் கேலி பேசியிருக்கிறேன். லீவு முடிந்து திரும்பி வந்தபோது நீங்கள் விசா கேன்சலாகி ஊருக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

கேம்புக்கே சொல்லிவிட்டு எனக்கு மட்டும் மறைப்பது என்ன பத்திரிகை தர்மம் அண்ணே? ஆனால் எனக்காக இரண்டு பக்கத்தையும் மறுபடி கையால் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் திட்டுவதா, கும்பிடுவதா? காலையில் ஒன்று தோன்றுகிறது, மாலையில் இன்னொன்று.

இன்னொன்றும் இருக்கிறது. நான் எழுதிய எல்லாக் கடிதமும் வீட்டில் இருந்தது, அந்த மழைக் கடிதத்தைத் தவிர. தபாலில் தொலைந்தது என்று நினைத்திருந்தேன். டவுனுக்குக் கிளம்பிய உங்களிடம் அதை நீட்டியது இப்போது ஞாபகம் வருகிறது. "அப்பாவுக்கா?" என்று கேட்டு, மற்ற கடிதங்களோடு சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த மழைக் கடிதம் உங்களிடம்தான் இருக்கிறது. அங்கே அப்பாவைப் பார்த்தால் கொடுத்துவிடுங்கள். ஊரில் ஏது மழை என்று கேட்பார். நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.