கையெழுத்துப் போட ஆள் இல்லாத துறை

பிப்ரவரி 12
படிவம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது.

எல்லை தாண்டி வந்தவர்களைப் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் தங்க வைத்திருக்கிறார்கள். அதில் பதினொரு பேர் கர்ப்பிணிகள். வாரம் ஒரு நாள் எங்கள் மகப்பேறு துறையிலிருந்து போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன், அவ்வளவுதான். 'துறைத் தலைவர் கையெழுத்து இல்லை' என்று சிவப்பு மையில் குறிப்பு. தலைவர் ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து துறையை நடத்துவது நான். வேலைக்கு மட்டும் தலைவர், கையெழுத்துக்கு இல்லை. இயக்குநரிடம் கேட்டால், "உங்க படிப்பு வெளிநாட்டுப் படிப்பு பாருங்க, கமிட்டி யோசிக்குது" என்கிறார். பதினான்கு வருடமாக இந்த நாட்டில் பிரசவம் பார்க்கிறேன். இன்னும் என்ன யோசனை?

பிப்ரவரி 14
புதிதாக வந்த நோயாளி: "பெரிய டாக்டர் எப்ப வருவாங்க?"
"வந்து பத்து நிமிஷம் ஆச்சும்மா."

பிப்ரவரி 17
விடுமுறை. தலைமை நர்ஸைக் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூட முகாமுக்குப் போனேன். விடுமுறையில் எங்கே போகிறேன் என்று கேட்க எந்தக் கமிட்டிக்கும் உரிமை இல்லை.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி மடங்க உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. எட்டு மாதம். கால் வீங்கி, கண் மங்கலாகத் தெரிகிறதென்றாள். ரத்த அழுத்தம் நூற்று எண்பது. "ஆஸ்பத்திரி வேணாம் டாக்டர், என்கிட்ட அடையாள கார்டு இல்ல. பிடிச்சு அனுப்பிடுவாங்க."

என் காரிலேயே ஏற்றி வந்தேன். வரவேற்பு மேசையில் கார்டு கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் சேர்க்க முடியாது என்றார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. 'பொறுப்பு: துறைத் தலைவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன்.

பெண் குழந்தை. ஒன்றேமுக்கால் கிலோ. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 20
விசாரணைக் கடிதம். இல்லாத பதவியின் பெயரில் கையெழுத்திட்ட குற்றம்.

என் கணவர் படித்துவிட்டு, "வேலை போனா நம்ம நாலு பேரோட விசாவும் போயிடும். தெரியும்ல?" என்றார். தெரியாமலா? தெரிந்துதான்—இல்லை, அந்த நேரத்தில் நினைவே இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 4
விசாரணைக்கு அவர்தான் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "கோவத்துல எதையும் கிழிச்சுப் போட்டுட்டு வராத" என்றார்.

உள்ளே மூன்று பேர். ஒருவர் கேட்டார்: "உங்க ஊர்ல இப்படித்தான் செய்வீங்களா?"
"எங்க ஊர்லயும் படிவம் இருக்கு சார். வலிப்பு நின்னதுக்கப்புறம் எழுதுவோம்."

சாட்சிக்கு வந்த தலைமை நர்ஸ் உட்காரக்கூட இல்லை. "ஏழு மாசமா எல்லா விடுப்புக்கும் மருந்துக்கும் இவங்கதான் எழுதித் தர்றாங்க. அப்பல்லாம் தப்பாத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வாசலில் அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அசிங்கமாகத்தான் இருந்தது.

மார்ச் 21
கண்டிப்புக் கடிதம் ஒன்று. கூடவே இயக்குநரின் அழைப்பு. அடுத்த மாதம் அரசுத் தணிக்கையாம், தலைமைப் பதவி காலியாக இருந்தால் அசிங்கமாம். "நீங்களே எடுத்துக்கோங்களேன்."

என் திறமைக்காக இல்லை, தணிக்கைக்காக! எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, "முகாம் வேலை டியூட்டி அட்டவணைல ஏறணும். கார்டு இல்லாத கர்ப்பிணியையும் சேர்க்கணும். அப்பதான்" என்றேன்.
"யோசிச்சுச் சொல்றேன்."
"சரி. நானும் அப்புறமா யோசிச்சுச் சொல்றேன்."
சாயங்காலமே ஆணை வந்தது. இரண்டும் அதில் இருந்தன.

ஜூன் 9
காலையிலிருந்து என் அறை வாசலில் சத்தம். இன்று முகாமுக்குப் போக எங்கள் துறையில் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், வண்டியில் இடம் ஐந்து பேருக்குத்தான். போன வாரம் போனவர்களே இந்த வாரமும் போகிறார்களாம். இந்தப் பஞ்சாயத்துக்கா தலைவரானேன்? ஐந்து பேரை அனுப்பிவிட்டு, மற்ற நான்கு பேரை என் காரில் ஏற்றினேன். இன்னொரு வண்டி கேட்டு எழுத வேண்டும். அதற்கு எந்தப் படிவம் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.