சீனி டப்பாவில் அரை மாத்திரைகள்

கோமளா,

கொரோனாவால் விமானம் நின்றுபோய் மூன்று வாரமாக வராத உன் மாத்திரை வந்துவிட்டதாம். சிங்கப்பூரிலேயே ஒன்றரைப் பேருக்குத்தான் இந்தத் தசை நோய். போனில் மருத்துவமனை மருந்தகப் பெண் உன்னை மகாராணி மாதிரி விசாரித்தாள். வாங்கப் போகிறேன். அங்கே வரிசை பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் வரை நிற்கும். மூன்று முகக்கவசம் போட்டிருக்கிறேன்.

ரசம் அடுப்பில் இருக்கிறது.

நேற்று கத்தியது தப்புதான். ஆனால் மருந்து தீர்ந்துவிடும் என்று என்னிடம் சொல்லாமல் அரை அரையாகவா விழுங்குவாய்? சீப்பைக்கூடத் தூக்க முடியாத உன் கையைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டேன், கோமு.

– தியாகு

பி.கு.: சீனி டப்பாவில் நீ ஒளித்த அரைத்துண்டுகளைப் பார்த்தேன். இன்று இரண்டைச் சேர்த்து முழுசாகப் போடு.

இன்னொன்று: சாவியை வேண்டுமென்றே வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். நீ எழுந்து வந்து திறக்காவிட்டால் லிஃப்ட் வாசலில்தான் என் குடித்தனம்.