உள்ளே வர அனுமதி

8 செப்டம்பர் 2025, திங்கள். ஜமுனாமரத்தூர்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். சாமை விவசாயிகள் சங்கத்தின் மலை ஆபீசில் நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு தராசு. மூட்டை எடையை நான் பதிவது போளூர் ஆபீசில் இருக்கும் சர்வரில். அதற்குப் பாதுகாப்பான தனி வழி, வி.பி.என்., இன்னும் போடவில்லை. சர்வரிலேயே ‘ரூட்டிங் அண்ட் ரிமோட் ஆக்சஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட விட்டால் போதும், வெளியாள் எதற்கு என்று நான்தான் வாயை விட்டேன்.

போளூரிலிருந்து செயலாளர் சகுந்தலா மேடம் போனில் கேட்டார்: “காலேஜையே பாதில வுட்டவ நீ. இத்தயாவது முடிப்பியா?”

“வியாழக்கிழமக்குள்ள முடிச்சிட்றேன் மேடம்.”

முடித்துக் காட்டுகிறேன்.

9, செவ்வாய்

போச்சு.

இங்கிருந்தபடியே சர்வரின் திரையைத் திறந்து ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு டிக். இனி வி.பி.என். வழியாக மட்டும் விடு, மற்ற எல்லாவற்றையும் தடு என்று அர்த்தம். படிக்கவில்லை. தட்டினேன். திரை உறைந்துவிட்டது. நான் உள்ளே போயிருந்த வழியே அந்த ‘மற்ற எல்லாம்’தான்! வி.பி.என்.னில் போகலாம் என்றால் என் பேருக்கு இன்னும் அனுமதியே கொடுக்கவில்லை. மடச்சி.

வெளியே பதினேழு பேர் மூட்டையோடு. எடை ஏறாமல் லாரி கிளம்பாது. திருவண்ணாமலை மீட்டிங்கிலிருந்து மேடம் போன்.

“இன்னா ஆச்சு?”

“தெரியல மேடம். போளூர்ல யாரோ சர்வர் சுவிட்ச நிறுத்திட்டாங்க போல.”

“யாரோ இன்னா யாரோ? அந்த ரூமுக்குள்ள பெருக்கப் போறது பாண்டுரங்கன் மட்டும்தான்.”

நான் ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லல?

10, புதன்

முதல் பஸ்ஸில் போளூர். வாட்ச்மேன் பாண்டுரங்கன் சாப்பாட்டுப் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார். இனி வர வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டாராம்.

“பாப்பா, என் தொடப்பம்கூட அந்தப் பொட்டிகிட்ட போனதில்ல. போன ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன். அதுக்கா இப்ப கோச்சிகினு நின்னுச்சி?”

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

உள்ளே போய்த் தடுப்பை எடுத்தேன். என் பேருக்கு அனுமதி கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. பிறகுதான் சர்வரின் பதிவைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி, 11.42. ரிமோட் ஆக்சஸ் தொடங்கியது. தொடங்கியவர்: பூவிழி. நான்தான்.

மொத்தப் பதிவையும் அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அழித்தால், இன்னார் அழித்தார் என்று அதையும் ஒரு வரியாக எழுதி வைக்கும்.

அழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை – பயம்.

11, வியாழன்

மலையிலிருந்து வி.பி.என். பிடித்துவிட்டது. மேடம்: “கெட்டிக்காரிதான்டி நீ.”

12, வெள்ளி

சொல்லிட்டேன். போனில், ஒரே மூச்சில், 11.42 உட்பட.

மேடம் சொன்னார்: “தப்பா தட்னது கெடக்கட்டும். அந்தாளு சாவிய மேசமேல வெச்சிட்டு ஒரு வார்த்த பேசாம போனாருடி. அன்னிக்கி உன் வாய்க்கு இன்னா ஆச்சு?”

“நான் வேலைய வுட்டு நின்னுக்கிறேன் மேடம்.”

“ஓடறதுலயே இரு. காலேஜ்லேர்ந்தும் அப்டித்தான் ஓடன. உன் பேருக்கு இருக்கிற அனுமதிய நீயே எடுத்துடு. எடை போட இங்க ஆபீஸ்ல இருக்கிற நதியாவ அனுப்பறேன். திங்கக்கிழமலேர்ந்து நீ போளூருக்கு வா, என் கண்ணு முன்னாடி உக்காரு.”

‘அனுமதி’, ‘மறுப்பு’ – திரையில் இரண்டு வட்டம். என் பேருக்கு எதிரே மறுப்பில் புள்ளி வைத்தேன். உடனே வெளியே தள்ளும் என்று நினைத்தேன். தள்ளவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது விட்டுவைக்கிறது. வெளியே போனால்தான் திரும்ப வர முடியாது.

மீதி ஒன்பது மூட்டையைப் பதிந்தேன். கடைசி மூட்டை, வரிசையின் கடைசியில் நின்ற காசி அண்ணனுடையது. பிறகு இணைப்பை நானே துண்டித்தேன்.

15, திங்கள். போளூர்.

ஆறு மணி பஸ். வாசலில் பாண்டுரங்கன், இடுப்பில் மறுபடி சாவி. வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

“அண்ணே, அன்னிக்கி நான்...”

நோட்டை நீட்டினார். “பேர எழுது. மணிய எழுது. அப்பறம் உள்ள போ.”

பாப்பா என்று சொல்லவில்லை.

பூவிழி, 8.50 என்று எழுதினேன். அந்த வரியை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.