சித்தப்பாவுக்கு நான் வாசித்த அறிவிப்பு

சங்கரன்கோவில்
ஞாயிறு காலை

அன்பு மகள் செண்பகவல்லிக்கு அப்பா எழுதுவது. கோமதியம்மன் அருளால் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்றுதான் எழுதத் தொடங்கினேன், இந்த மாதம் அது உண்மையில்லை என்பதால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான், தைலம் தீர்ந்துவிட்டது, அவசரமில்லை. சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் வியாழக்கிழமை முடிந்தது. சித்தி இன்னும் காலையில் இரண்டு டம்ளர் காப்பி ஆற்றுகிறாள், பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து என்னிடம் தருகிறாள். ஏற்கனவே குடித்தாயிற்று என்று சொல்லத் தைரியமில்லாமல் அதையும் குடித்துவிடுகிறேன்.

அன்றைக்கு நீ போனில், சித்தப்பாவுக்குத் தெருத்தெருவாக அறிவிப்புச் செய்தது யார் என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதை எழுதத்தான் இந்தக் கடிதம், இரண்டு முறை எழுதிக் கிழித்தாயிற்று. எங்கே தொடங்குவது என்று தெரியாததால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் சித்தப்பா பட்டாளத்தில் டெலிபோன் வயர் இழுக்கும் பிரிவில் இருந்தான். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் பஞ்சாப் எல்லையில் அவனோடு வயர்ச் சுருளைச் சுமந்து போன மாரிக்கண்ணன், நம் பக்கத்து இளையரசனேந்தல் ஊர்க்காரன், குண்டு விழுந்து இவன் கண்ணெதிரே இறந்துபோனான். ஊருக்குத் தந்தி வந்தது, ஆங்கிலத்தில். படித்துச் சொல்ல அந்தத் தெருவில் ஆளில்லை. மகன் லீவில் வருகிறான் என்று நினைத்துக்கொண்டு அந்தத் தாய் இரண்டு நாள் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறாள். பிறகு லீவில் வந்த உன் சித்தப்பா போய்ப் பார்த்தபோது அவளே இதைச் சொல்லியிருக்கிறாள். சாவுச் செய்தியை ஒரு மனிதன் தன் வாயால், பெயரை முழுதாக, நிறுத்திச் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் அவனுக்கு அன்று பிடித்தது. எண்பத்தைந்தில் பட்டாளத்தை விட்டு வந்து ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் வாங்கி ஜவான் சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு மாட்டினான். ஆடித்தபசுத் திருவிழா முதல் காதுகுத்து வரை ஊரில் அவன் வயர் ஓடாத தெரு இல்லை. மற்றவர்கள் ஹலோ ஹலோ என்று மைக்கைச் சோதிப்பார்கள், அவன் மாரிக்கண்ணன், இளையரசனேந்தல் என்று சொல்லிச் சோதிப்பான். சின்ன வயதில் நீ அதை மைக் கம்பெனியின் பெயர் என்று நினைத்திருந்தாய். மற்ற கடைக்காரர்கள் சாவு வீட்டுத் துட்டி அறிவிப்பைப் பதிவுசெய்து ஓடவிட ஆரம்பித்த பிறகும் இவன் ஆட்டோவில் உட்கார்ந்து தானேதான் வாசித்தான். எழுதிக் கொடுத்தது நான். தாலுகா ஆபீசில் முப்பத்தாறு வருஷம் எழுதியவனுக்கு ஒரு கூட்டத்தில் எழுந்து நன்றி சொல்ல வாய் வராது. என் பணிநிறைவு விழாவில் நான் எழுதிய ஏற்புரையை வாசித்தவனும் அவன்தானே.

மூத்தவன் நான், முதலில் போகிறவனும் நானே என்று நினைத்து, எனக்கான அறிவிப்பை ஐந்து வருஷம் முன்பே எழுதி அவனிடம் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே, ஏண்ணே, சாவுறதுக்கும் நகல் எடுத்து ஃபைல் போடுதியா, நான் முந்திட்டா நீ வாசிப்பியா என்றான். வாசிப்பேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவன் விடவில்லை. பேரை முழுங்காம சொல்லணும் பாத்துக்கோ என்றான். எழுபத்து நாலு வருஷ வாழ்க்கையில் அவன் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான்.

அன்று விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டான். எட்டு மணிக்கு ரிபாயி, முப்பது வருஷமாகக் கடையில் வேலை பார்ப்பவன், ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். வேறு யாரையாவது வைத்து வாசிக்கலாமே என்றேன். மொதலாளி உங்களத்தான் சொல்லிருக்காவ, ஏறுங்க அண்ணாச்சி என்றான். எழுதி மூன்று முறை சரிபார்த்துக்கொண்டு ஏறினேன். தெற்கு ரதவீதி முனையில் மைக்கை வாயருகே கொண்டுபோனதும் தாளில் எழுத்துத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக மனப்பாடமாகிக் கிடந்ததுதான் வந்தது. பேச்சிமுத்து அவர்களின் மூத்த குமாரரும், ஜவான் சவுண்ட் சர்வீஸ் கணேசன் அவர்களின் தமையனாருமான சங்கரநாராயணன் அவர்கள் இன்று காலை காலமானார் என்று என் சாவை நானே ஊருக்குச் சொல்லிவிட்டேன், அதுவும் தெளிவாக. பூக்கடை மாரித்தாய், ஐயோ, நம்ம கிளார்க் ஐயாவா, நேத்துதான பிச்சிப்பூ வாங்கிட்டுப் போனாவ என்று அழுதுகொண்டே ஓடிவந்தவள், ஆட்டோவுக்குள் என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். ஏய்யா, உசுரோட உக்காந்துக்கிட்டு உம்ம சாவ நீரே சொல்லுதீரே, அப்பம் செத்தது யாரு, அதச் சொல்லும்யா என்றாள். யாரோ சிரித்தார்கள். மைக்கை மடியில் வைத்துவிட்டேன், செண்பகம். இறங்கி வீட்டுக்கு ஓடிவிட நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ரிபாயி திரும்பிப் பார்க்காமலே, மொதலாளி மாதிரி டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க அண்ணாச்சி என்றான். மாரிக்கண்ணன், இளையரசனேந்தல் என்றேன். மாரித்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். யார் போனது என்று அவளுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெயரின் பின்னாலேயே என் தம்பி பெயரும் வந்தது. பேச்சிமுத்து அவர்களின் இளைய குமாரரும், முன்னாள் ராணுவ வீரரும், ஜவான் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளருமான கணேசன் அவர்கள். முழுங்கவில்லை. பதினான்கு தெருவிலும் முதலில் மாரிக்கண்ணனைச் சொல்லி, பிறகு கணேசனைச் சொன்னேன். சாயங்காலம் பட்டாளத்துக்காரர்கள் கொடி போர்த்தினார்கள். மற்ற மைக்செட் கடைக்காரர்கள் அன்று எங்கும் பாட்டுப் போடவில்லை. அவன் இருந்தால் வயர் சுற்றியது சரியில்லை என்று யாரையாவது ஏசியிருப்பான்.

இன்னும் ஒன்று. கடையில் பத்திரமாக வைத்திருந்த என் அறிவிப்பை ரிபாயி கொண்டுவந்து கொடுத்தான். அதில் கணேசன் அவர்களின் தமையனார் என்றிருக்கும் இடத்தில், காலஞ்சென்ற என்று முன்னால் சேர்க்க வேண்டும். நாற்பது வருஷமாக ஊரில் எத்தனையோ பெயர்களுக்கு நான் போட்ட சொல். நாலு நாளாகப் பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். நீ வரும்போது உன் கையால் எழுதிவிடு. வாசிப்பதும் நீயேதான். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு உன்னை மைக் பிடிக்கப் பழக்கியவன் அவன், உனக்கு வாய் நடுங்காது. பெண்பிள்ளை ஆட்டோவில் வாசிப்பதா என்று யாரும் கேட்டால் ரிபாயி பார்த்துக்கொள்வான். பயப்படாதே, எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இதுவும் அவசரமில்லை.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கும் உனக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் அமைய எங்கள் இருவரின் ஆசி. சித்திக்குத் தனியாக ஒரு போன் போடு. எனக்காக நீ மைக் பிடிக்கும் அந்த நாளில் மட்டும் வரிசையை மாற்றிவிடாதே. முதலில் மாரிக்கண்ணன், பிறகு கணேசன், அதற்குப் பின்தான் நான்.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
பே. சங்கரநாராயணன்